துறையறிந்து செலுத்துக!

மிடி என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் வறுமை என்பது பொருள். மிடியன் என்றால் வறியவன். மிடிமை என்றால் இல்லாமை. இற்றை நாளில் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இசைபயில் இளைஞரிடையிலும் 'மிடி, மிடி' என்று ஒரு சொல் ஓயாது வழங்குகின்றது. அது நம் மிடியன்று. 'இசைக்கருவிகளுக்கான எண்முறை இடைமுகம்' என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கூட்டி ஆக்கிய குறுக்கப் பெயர் அது. ஆயினும் அவ்வமைப்பைத் தமிழிளைஞர் ஆளும் நிலையை நோக்குங்கால், நம் பழம்பொருளே அதற்குப் பொருந்துமோ என்று ஐயுற வேண்டியுள்ளது. கருவி உளது, கணிப்பொறி உளது, மென்பொருள் உளது, இசைத்திறமும் உளது. இவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் அறிவு மட்டும் தமிழில் எழுதப்பெறவில்லை. இல்லாமை என்பது இதுவன்றி வேறென்ன?

இசைமென்பொருளில் கருவிகளின் துறைகளை அமைத்துக்கொள்வது பற்றி ஒரு தமிழாசிரியன் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். சொல்லும் இசையும் சேர்ந்ததே முத்தமிழில் இரண்டாங் கூறு. அவ்விசை இன்று கணிப்பொறியின் வழியாகவே ஊருக்குச் செல்கின்றது. செல்லும் வழியின் கதவு எங்குளது, அதன் தாழ் எவ்வாறு திறக்கும் என்பதை ஆங்கிலமறிந்தார் மட்டுமே அறிவராயின், பாடுவோன் தமிழனாயினும் கதவு பிறர் கையதே. ஆகலின் யாம் எழுதுகின்றோம்.

ஈண்டு யாம் வலியுறுத்துவன மூன்று. துறையமைப்பு அரிய கலையன்று. அதனைத் தமிழிற் பயிற்றுதல் எளிது என்பது ஒன்று. கருவி செய்தோர் வைத்தனுப்பிய தொடக்க அமைப்புகள் மாற்றவொண்ணாத சட்டங்கள் அல்ல. நம் இசைக்கேற்ப அவற்றை மாற்றுதல் நம் கடமை என்பது மற்றொன்று. கலைச்சொற்களை ஆளுக்கொன்றாய் ஆக்கிச் சிதறாமல் ஒன்றுபட்டு வழங்குதல் வேண்டும் என்பது மூன்றாவது.

எதிரிகள் ஒன்றுபட்ட கதை

மின்னிசைக் கருவிகள் பெருகிய தொடக்கத்தில், ஒரு நிறுவனம் செய்த கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. அவரவர் வடம் வேறு. அவரவர் குறி வேறு. வாங்கியவன் ஒரே நிறுவனத்திற்கு அடிமையாய்க் கிடந்தான். சப்பான் நாட்டு உரோலண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குதாரோ காக்கெகாசி, எல்லார்க்கும் பொதுவான ஒரு செந்தரம் வேண்டும் என்னும் கருத்தை 1981-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கருவியாளரிடம் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் அமெரிக்கராகிய தேவு சுமித்து, தம் உடனுழைப்பாளர் செட்டு உட்டு என்பாரோடு சேர்ந்து, அத்தகைய பொது இணைப்புக்குரிய ஒரு திட்டத்தை ஒலிப்பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். 1983 சனவரித் திங்களில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த இசைக்கருவி வணிகர் கண்காட்சியில், சுமித்தின் நிறுவனம் செய்த கருவியொன்றும் உரோலண்டு நிறுவனத்தின் கருவியொன்றும் ஒரே வடத்தால் இணைக்கப்பெற்று ஒன்றையொன்று இயக்கின. அவ்வாண்டு ஆகசுட்டில் முழு வரையறை வெளியாயிற்று.

இதிற் கவனிக்கத்தக்கவை இரண்டு. அவர்கள் வணிகத்தில் ஒருவர்க்கொருவர் போட்டியாளர். இருந்தும் பொதுவான ஒன்றிற்காக இரண்டே ஆண்டிற் கூடி முடிவு கண்டனர். மற்றொன்று, அச் செந்தரத்தைக் கையாளுவோரிடம் உரிமைத்தொகை கேளாது எல்லார்க்கும் திறந்துவிட்டனர். அதனாலேயே அது நாற்பதாண்டு கடந்தும் நிலைத்துளது. இருவர்க்கும் 2013-ஆம் ஆண்டில் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பெற்றது. காக்கெகாசி 2017-இலும் சுமித்து 2022-இலும் மறைந்தனர். அவர்கள் நட்ட மரம் நிற்கின்றது. இக்கதையைப் பின்னரும் நினைவு கூர்வோம்.

ஓலை தானே பாடாது

இவ்விணைப்பைப் பற்றி முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. வடத்தின் வழியே செல்வது ஒலியன்று, கட்டளை. 'இன்ன கட்டையை இவ்வளவு விசையோடு அழுத்தினான்', 'இப்பொழுது கையை எடுத்தான்' என்னுஞ் செய்தியே செல்கின்றது. ஓலையில் எழுதிய பாட்டு தானே பாடாது. படித்துப் பாட ஒருவன் வேண்டும். அதுபோல் கட்டளையைப் பெற்று ஒலியாக்க ஒரு கருவியோ மென்பொருட் கருவியோ மறுமுனையில் இருத்தல் வேண்டும். 'இணைத்துவிட்டேன், ஒலி வரவில்லை' என்று வருந்துவோரிற் பலர், பாடுவோனை அமர்த்தாமல் ஓலையை மட்டும் அனுப்பியவரே.

கட்டளை ஒவ்வொன்றும் 0 முதல் 127 வரையிலான எண்களாற் பேசும். இசைப்பலகையின் நடுவண் கட்டைக்கு எண் 60. ஒரு துறையில் 16 வாய்க்கால்கள் உள. ஆங்கிலத்திற் 'சேனல்' என்பதை யாம் வாய்க்கால் என்றே வழங்குகின்றோம். ஒரே துறையிற் புகுந்த நீர் பதினாறு வாய்க்கால்களாய்ப் பிரிந்து பதினாறு வயலுக்குப் பாய்வதாக எண்ணிக்கொள்க. குழலொலிக்கு ஒன்று, யாழொலிக்கு ஒன்று, முழவொலிக்கு ஒன்று என்று பகுத்துக்கொள்ளலாம். அனுப்புவோன் இரண்டாம் வாய்க்காலில் அனுப்ப, பெறுவோன் முதல் வாய்க்காலிற் காத்திருப்பின் வயல் காய்ந்தே கிடக்கும்.

வாயில் வேறு, துறை வேறு

ஆங்கிலேயர் கப்பல் வந்தடையும் இடத்தையும் 'போர்ட்டு' என்பர். கணிப்பொறியில் வடம் செருகும் ஓட்டையையும் 'போர்ட்டு' என்பர். மென்பொருட் பட்டியலில் தோன்றும் பெயரையும் 'போர்ட்டு' என்பர். ஒரு சொல்லே மூன்றிடத்தும் நிற்பதால் கற்போன் மயங்குகின்றான். தமிழனுக்கு அம்மயக்கம் வேண்டுவதில்லை. கண்ணாற் காணும் ஓட்டையை வாயில் என்போம். செய்தி ஏறவும் இறங்கவும் மென்பொருள் அறிந்துள்ள இடத்தைத் துறை என்போம்.

இப்பாகுபாடு வெறுஞ் சொல்லாடலன்று. பழைய முறையில் ஐந்து முள்களையுடைய வட்டமான வாயில் ஒன்றுக்குத் துறை ஒன்றே. இப்பொழுது பெருவழக்காயுள்ள யு.எசு.பி. இணைப்பிலோ, ஒரே வாயிலின் வழியே 16 துறைகள் வரை செல்லக்கூடும். துறைக்கு 16 வாய்க்காலாக மொத்தம் 256. இதனாலேதான் ஓர் இசைப்பலகையை இணைத்தவுடன் பட்டியலில் அதன் பெயர் இரண்டு மூன்று முறை தோன்றுகின்றது. ஒரு துறை கட்டைகளுக்கும், மற்றொரு துறை அக்கருவியிலுள்ள பொத்தான்களுக்கும் எனச் செய்தோர் பிரித்து வைத்திருப்பர். வாயில் ஒன்றாயினும் துறை பல என்றறிந்தவன் திகையான்.

துறைகள் மூவகைப்படும். வெளியிலிருந்து செய்தி வருவது வருதுறை. வெளியே செல்வது செல்துறை. வந்ததை அப்படியே அடுத்த கருவிக்கு விடுவது கடத்துதுறை. ஒருவனது செல்துறை மற்றவனது வருதுறையோடு பொருந்துதல் வேண்டும். இசைப்பலகையின் செல்துறையிலிருந்து புறப்படும் வடம் கணிப்பொறி இணைப்பியின் வருதுறையிற் புகவேண்டும். 'செல்' என்று எழுதியதைச் 'செல்' என்று எழுதியதிற் செருகுவோர் இன்றும் உளர். வாயோடு வாய் வைத்துப் பேசினால் எச்செவி கேட்கும்?

அமைக்கும் முறை

மென்பொருள் எதுவாயினும் வரிசை இதுவே.

1. கருவியை முதலில் இணைத்து மின்னூட்டி, அதன் பின்னர் மென்பொருளைத் திறக்க. மென்பொருள்கள் பல, தாம் திறக்கப்படும் பொழுதே துறைகளை எண்ணிக்கொள்ளும். பிந்தி வந்தவனை அவை விருந்தினனாக ஏற்பதில்லை.

2. அமைப்புப் பகுதியிலுள்ள துறைப்பட்டியலிற் கருவியின் பெயர் உளதா எனக் காண்க. இல்லையேல் மென்பொருளை நோவதிற் பயனில்லை. கணிப்பொறியே அக்கருவியைக் கண்டிலது. வடத்தையும் இயக்கியையும் ஆய்க. மின்னூட்ட மட்டுமே பயன்படுகின்ற, செய்தி கடத்தாத வடங்களும் கடைகளில் விற்கப்படுகின்றன.

3. பெயர் இருந்தால் மட்டும் போதாது; அத்துறைக்கு இசைவு தருதல் வேண்டும். பட்டியலில் தோன்றுவது வேறு, இசைவு பெறுவது வேறு. இசைப்பலகைக்கு வருதுறையில் இசைவு தருக. ஒலி எழுப்பும் புறக்கருவிக்கு மட்டுமே செல்துறையில் இசைவு தருக. 'எல்லாவற்றுக்கும் இசைவு' என்று விட்டுவிடுவது, ஊர்க்கதவையெல்லாம் திறந்துவைத்துத் திருடனைத் தேடுவது போன்றது.

4. பதிவுத்தடத்திற்குரிய வருதுறையையும் வாய்க்காலையும் தேர்க. அத்தடத்தில் ஒரு மென்பொருட் கருவியை அமர்த்துக. தடத்தைக் கேட்புநிலையில் வைக்க.

5. ஒரு கட்டையை அழுத்த இருமுறை ஒலிக்கின்றதா? இசைப்பலகை தன் ஒலியையும் எழுப்பி, மென்பொருள் திருப்பியனுப்பிய கட்டளைக்கும் ஒலிக்கின்றது. பலகையின் தன்னொலித் தொடர்பை நிறுத்துக. செந்தரத்தில் 122-ஆம் எண் கட்டளை இதற்கென்றே வைக்கப்பட்டுளது.

6. நேற்று இயங்கிய துறை இன்று திறக்க மறுக்கின்றதா? வேறொரு மென்பொருள் அதனைப் பற்றியிருக்கக் கூடும். சில இயக்கிகள் ஒரு துறையை ஒரு நேரத்தில் ஒருவர்க்கே தரும். மற்றதை மூடிவிட்டுப் பார்க்க.

7. அழுத்தியபின் ஒலி தாழ்ந்து வருகின்றதா? வடத்தைக் குறை கூறற்க. பழைய வடத்தின் விரைவு நொடிக்கு 31,250 இருமக் குறிகள். ஒரு கட்டையின் கட்டளை கடந்து செல்ல ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்கே ஆகும். காலந்தாழ்வுக்குப் பெரிதும் கரணியம் ஒலிப்பகுதியிலுள்ள தேக்கமே. நொடிக்கு 44,100 கூறுகளாக ஒலி எடுக்கப்படும் பொழுது, தேக்கத்தின் அளவு 512 கூறுகளாயின் அதுவே ஆயிரத்தில் பதினொன்றரைப் பங்கு நொடியைத் தின்னும். தேக்கத்தைக் குறைத்தாற் காலமும் குறையும். மிகக் குறைப்பின் கணிப்பொறி திணறி ஒலி உடையும். ஆகவே அளவறிந்து குறைக்க.

இவ்வேழிற்கும் மேலாக ஒரு திறவுகோல் உண்டு. செய்தி வந்தால் மின்னும் சிறு விளக்கொன்று பெரும்பாலான மென்பொருள்களில் உளது. கட்டையை அழுத்தும்போது அது மின்னுகின்றதா என்று மட்டும் பார்க்க. மின்னினால் துறை நன்று. குற்றம் அதற்குக் கீழே, தடத்திலோ கருவியிலோ ஒலிபெருக்கியிலோ உளது. மின்னாவிடில் குற்றம் மேலே, வடத்திலோ இயக்கியிலோ இசைவிலோ உளது. பாதித் துன்பம் அந்நொடியே நீங்கும்.

இவ்வளவே கலை. இதிற் பத்தாம் வகுப்பு மாணவன் அறியவொண்ணாதது என்ன உளது? ஆயினும் நிகழ்வது என்ன? எமக்குத் தெரிந்த சிற்றூர்ப் பள்ளியொன்றுக்கு வெளிநாடுவாழ் அன்பர் ஒருவர் நல்ல இசைப்பலகையொன்றை நன்கொடையாக ஈந்தார். கணிப்பொறியில் ஒலி வரவில்லை. கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, 'கருவி பழுது. புதிது வாங்குக' என்று கூறிக் கூலியும் பெற்றுச் சென்றார். ஈராண்டு அது உறையிலேயே உறங்கிற்று. பின்னர் அப்பள்ளியிற் பயின்ற மாணவனொருவன் விடுமுறைக்கு வந்தபோது திறந்து பார்த்தான். இசைப்பலகை நான்காம் வாய்க்காலில் அனுப்பிக்கொண்டிருந்தது. மென்பொருள் முதல் வாய்க்காலிற் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணொன்றை மாற்றினான்; ஒலித்தது. அவ்வீராண்டில் அப்பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கு யார் விடை கூறுவது? நாகசுரமும் தவிலும் தலைமுறையாய் வாசித்த குடிப்பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். கருவியோடு வந்த குறிப்பேட்டில் வாய்க்காலைப் பற்றிய பக்கம் இருந்தது. அது பல மொழிகளில் இருந்தது. தமிழில் மட்டும் இல்லை.

குழைவு எங்கே போயிற்று?

இனி இரண்டாவது கருத்து. 'இந்தக் கருவியெல்லாம் மேலையிசைக்கே ஆகும். தமிழிசையின் குழைவும் அசைவும் இதில் வாரா' என்று நம்மிற் பலர் கூறக் கேட்கின்றோம். கட்டைக்குக் கட்டை தாவி நிற்கும் ஒலியைக் கேட்டோர் அவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. ஆயின் அது செந்தரத்தின் குறையன்று. தொடக்க அமைப்பின் குறை. இதனை எண்கொண்டே காட்டுவோம்.

ஒலியை மேலுங் கீழும் வளைக்கும் குழைவுக் கட்டளை 1983-இன் வரையறையிலேயே உளது. அதன் படிகள் 16,384. பெரும்பாலான கருவிகளில் தொடக்கத்தில் அது மேல் இரண்டு அரைநிலை, கீழ் இரண்டு அரைநிலை என்னும் எல்லைக்குள் அடைக்கப்பட்டுளது. மேலையிசைக்கு அது போதும். நாமோ ஒரு நரம்பிலிருந்து மற்றொரு நரம்புக்கு வழுக்கி, அசைந்து, மீண்டும் அமர்வோம், நமக்குப் போதாது. எல்லையை மேல் 12, கீழ் 12 என விரித்தாலும், ஓர் அரைநிலையை நூறு கூறாக்கி அதில் ஒரு கூற்றின் ஏழிலொரு பங்கு அளவிற்கு ஒலியை நுணுக்கலாம். எச்செவி அதனினும் நுண்ணியது? இன்னுமொன்று. குழைவுக் கட்டளை ஒரு வாய்க்கால் முழுதையும் வளைக்கும் என்பதனைப் பலகுரலிசைக்காரர் பெருங்குறையாகக் கூறினர். அதனை நீக்க, நரம்புதோறும் தனி வாய்க்கால் தரும் முறை 2018-இல் ஏற்கப்பெற்றது. 2020-இல் வந்த இரண்டாம் செந்தரம் ஒவ்வொரு நரம்பையும் தனித்தனியே வளைக்க வழி செய்தது. நம் இசையோ ஒற்றை இழையாய்ச் செல்வது. பழைய செந்தரத்தின் ஒரே வாய்க்காலே அதற்குப் போதுமானது!

ஆனால் ஓர் எச்சரிக்கை. அனுப்பும் கருவியிற் குழைவெல்லை 12 என்றும், ஒலிக்கும் மென்பொருளில் 2 என்றும் இருப்பின் பாட்டு பிழைபடும். இருமுனையும் ஒத்திருத்தல் வேண்டும். குழைவுருளையை வாங்குங்கால் அது 16,384 படியும் அனுப்புகின்றதா, 128 படியே அனுப்புகின்றதா என்றும் கேட்டறிக. எல்லையை விரித்தபின் 128 படியாயின் ஒலி படிக்கட்டில் இறங்குவது போற் கேட்கும்.

நம் பழைய இசைநூலார் 'சுரம்' என்பதனை நரம்பு என்றே வழங்கினர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என நரம்பு ஏழு. குரல் நிற்கும் இடத்தை மாற்ற மாற்றப் பாலைகள் பிறக்கும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் முறை. துறையமைத்த இசைப்பலகையில் ஒரு மாணவனை அமர்த்துக. வெள்ளைக் கட்டைகளை மட்டும் ஆளச் சொல்க. எண் 67-இல் தொடங்கி ஏழு கட்டை ஏறினால், ஆய்வாளர் பலர் செம்பாலை எனக் கொள்ளும் அரிகாம்போதி. 69-இல் தொடங்கினாற் படுமலைப்பாலை, 71-இற் செவ்வழிப்பாலை, 72-இல் அரும்பாலை, 74-இற் கோடிப்பாலை, 76-இல் விளரிப்பாலை, 77-இல் மேற்செம்பாலை. ஏழு பாலையும் ஒரு வகுப்பு நேரத்தில் அவன் காதில் விழும். நாம் கரும்பலகையில் வட்டம் வரைந்து ஓராண்டு விளக்கினும் விளங்காதது அவனுக்கு விளங்கும்.

ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டபோதும், விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ்நூல்' அரங்கேற்றியபோதும், நரம்பளவுகளைக் கணக்கிட்டே தம் முடிபுகளை நாட்டினர். அவர்கள் தாளிற் கணக்கிட்டதை இன்று ஒரு மாணவன் கணிப்பொறியிற் செலுத்திக் காதாற் கேட்டுச் சரிபார்க்கலாம். பன்னிரண்டு நிலைகளின் அளவை வேண்டியவாறு மாற்றும் வழியும் 1992 முதற் செந்தரத்தில் உளது. வாய்ப்பு இருந்தும் அதனைத் திறவாதிருப்பது யார் குற்றம்?

பட்டியலில் நாம் இல்லை

1991-இல் இச்செந்தரத்தின் மேல் ஒரு பொது ஒலிப்பட்டியல் வகுக்கப்பெற்றது. ஒலி 128. அதில் 105-ஆம் இடம் சித்தாருக்கு. 112-ஆம் இடம் வடநாட்டுச் சன்னாய்க்கு. 107, 108 ஆகிய இடங்கள் சப்பானியரின் சாமிசென், கோட்டோ ஆகிய நரம்புக் கருவிகளுக்கு. தாளக்கருவிகளுக்கெனப் பத்தாம் வாய்க்காலில் 47 ஒலிகள் உள. அமெரிக்கக் கண்டத்தின் பொங்கோவும் கொங்காவும் அங்கே உள. வீணையும் யாழும் இல்லை. நாகசுரமும் தவிலும் இல்லை. பறையும் மத்தளமும் இல்லை.

இதற்காகப் பிறரைத் தூற்றி எழுதுதல் எளிது. யாம் அதனைச் செய்யோம். வகுத்தோர் அவையிற் சப்பானியர் அமர்ந்திருந்தனர். அவர்தம் கருவி இடம்பெற்றது. நாம் அமர்ந்திலோம், நம் கருவி இடம்பெறவில்லை. அவ்வளவே. அப்பட்டியல் பெயர்வரிசையே அன்றி வேலியன்று. எந்த எண்ணில் எந்த ஒலியை வைப்பதென்பது ஒலிக்கோப்பு செய்வோன் உரிமை. நல்ல நாகசுரக் கலைஞர் ஒருவரின் ஒலியை நரம்பு நரம்பாகப் பதிந்து ஒலிக்கோப்பாக்கி எல்லார்க்கும் திறந்துவிட ஒரு தமிழ்க் கல்லூரியால் இயலாதா? பறையின் அடிவகைகளைப் பத்தாம் வாய்க்காலுக்கேற்பத் தொகுத்துத் தர நாலு இளைஞரால் இயலாதா?

'பொறியில் வாசித்தால் நாகசுரக்காரன் பிழைப்பு என்னாவது?' என்று கேட்பர். நேர்மையான வினா. நாம் செய்யாவிடினும் பிறர் செய்வர். அப்போது ஒலியும் பிறருடையதாகும், ஊதியமும் பிறருடையதாகும். கலைஞன் தன் ஒலியைத் தானே பதிந்து, தன் பெயரோடு, தன் உரிமையோடு வெளியிடுவதே அவனுக்குக் காப்பு. அதற்கு அவன் வீட்டுப்பிள்ளை துறையமைக்கக் கற்றிருத்தல் வேண்டும்.

நமக்குள் ஒரு சொல்

மூன்றாவது கருத்து நம்மையே நோக்கியது. ஆதலின் சிறிது கசக்கும். ஒரு 'போர்ட்டு'க்குத் துறை என்பார் ஒருவர். முகம் என்பார் ஒருவர். நுழைவாய் என்பார் ஒருவர். புகல் என்பார் இன்னொருவர். ஒவ்வொன்றும் நல்ல தமிழே. ஆயினும் நான்கு நூலில் நான்கு சொல்லைக் கண்ட மாணவன் என்ன செய்வான்? நான்கையும் விட்டு ஆங்கிலச் சொல்லையே பற்றுவான். அவன் தமிழை வெறுத்து விடவில்லை. அனுப்புவோனும் பெறுவோனும் ஒரே வாய்க்காலில் இல்லாமையால் விட்டான்.

போட்டியிட்ட கருவியாளர் இரண்டாண்டிற் கூடி ஒரு செந்தரங் கண்டனர் என்றோம். தமிழ்ப்பற்றால் ஒன்றாய் நிற்கும் நாம் பத்துச் சொல்லுக்கு உடன்பாடு காணவொண்ணாதா? இயலாததன்று. 1999-ஆம் ஆண்டிற் கணிப்பொறிக்கான தமிழ் விசைப்பலகைக்குத் 'தமிழ்99' என ஒரு செந்தரம் அரசால் ஏற்கப்பெற்றது. அதனைக் கற்றோர் விரைந்தெழுதிப் பயன்பெறுகின்றனர். கல்லாதோர் தம் பழைய முறையையே கட்டியழுகின்றனர். செந்தரம் ஆக்குவது பாதி வேலை; ஆக்கியதை எல்லாரும் கையாளுவதே மறுபாதி.

வாயில், துறை, வருதுறை, செல்துறை, கடத்துதுறை, வாய்க்கால், நரம்பு, குழைவு, தேக்கம், இயக்கி: இப்பத்தையும் யாம் முன்வைக்கின்றோம். நீரோடு தொடர்புடைய துறை, வாய்க்கால், தேக்கம் என்பன உழவர் மகனுக்கு விளக்கமின்றியே விளங்கும். இவற்றினும் சிறந்த சொல்லை யாரேனும் தருவராயின் எம் சொல்லை மகிழ்வோடு கைவிடுவோம். எம் சொல் வாழவேண்டும் என்பதன்று எம் வேட்கை. ஒரு சொல் வாழவேண்டும் என்பதே.

மியூசுகோர், எல்.எம்.எம்.எசு. போன்ற கட்டற்ற இசைமென்பொருள்களின் பட்டியற் சொற்களை எம்மொழியிலும் பெயர்த்துத் தர எவரும் முன்வரலாம். யாரிடமும் இசைவு கேட்டுக் கிடக்க வேண்டுவதில்லை. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கும் நா, ஒரு திங்களில் ஒரு மாலையேனும் இப்பணிக்கு அமரட்டும். தமிழாசிரியர் சொல்லைத் தருக. இசையாசிரியர் முறையைத் தருக. கணிப்பொறி பயின்ற இளைஞர் கையைத் தருக. மேலே யாம் எழுதிய ஏழு படிகளையும் ஒரு தாளில் எழுதி, இசைப்பலகை உள்ள பள்ளிதோறும் சுவரில் ஒட்டுக. செலவு ஒரு தாள். பயனோ உறையிலுறங்கும் கருவிகளின் விழிப்பு.

தமிழிளைஞனே! உன் பாட்டன் துறையில் நின்று கலம் செலுத்தினான். காற்றின் திசையும் நீரின் ஓட்டமும் அறிந்த பின்னரே பாய்விரித்தான். உன் முன் இருப்பதும் துறையே. வருவது எது, செல்வது எது, எவ்வாய்க்காலில் என்று அறிந்துகொள். அறிந்ததைத் தமிழிற் சொல். சொல்லியதைத் தம்பிக்கும் தங்கைக்கும் கற்பி. மிடி என்னுஞ் சொல் நம் இசைக்கூடங்களில் இணைப்பின் பெயராக மட்டும் நிற்கட்டும். நம் நிலையின் பெயராக நிற்றல் வேண்டா!